கழிவில் வளரும் காபி நாற்று: இலவசம் என்பது யார் கணக்கு?

காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. டிகாஷன் கெட்டியா, பால் நல்லதா, சர்க்கரை சரியா... இதோடு பெரும்பாலானவர்களின் கவலை முடிந்துவிடும். கொஞ்சம் ருசி தெரிந்தவர்கள் பீபெரியா, சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்பார்கள். அந்தக் காபிச் செடி சின்ன நாற்றாக இருந்தபோது எந்த மண்ணில் நின்றது என்று கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது. நெல் என்றால் நாலு மாதத்தில் அறுத்துவிடலாம், தப்பு நடந்தால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். காபி அப்படி இல்லை. ஒருமுறை நட்டால் முப்பது, நாற்பது வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கும் மேல் நிற்கும். நாற்றங்காலில் நடந்த தப்பு அத்தனை வருடமும் தோட்டத்தில் நிற்கும்.

இந்த நாற்றங்கால் மண்ணுக்குப் பதிலாக ஆலைக் கழிவுகளைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. குப்பையும் குறையும், செலவும் மிச்சம், காடும் பிழைக்கும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருமளவு உண்மையும்கூட. ஆனால் "கழிவுதானே, சும்மா கிடைக்கிறது" என்ற ஒரு வார்த்தை இதில் ஒளிந்துகொண்டிருக்கிறது. வணிகவியல் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த வார்த்தையைக் கண்டதும் கொஞ்சம் உஷாராக வேண்டும். சும்மா கிடைக்கிறது என்றால், அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு பை மண்ணின் கதை

முதலில் காபி நாற்று எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். டிசம்பர், ஜனவரி வாக்கில் விதையை மேட்டுப்பாத்தியில் விதைக்கிறார்கள். ஒன்றரை மாதம் போல ஆனதும் தண்டு மேலே எழும்பும்; அதன் தலையில் விதை ஒரு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். இதற்குத் தொப்பிப் பருவம் என்றே பெயர். அந்தப் பருவத்தில் பிடுங்கி பாலித்தீன் பையில் நடுகிறார்கள். பந்தல் நிழலில் வளர்ந்து, பருவமழை பிடித்ததும் தோட்டத்துக்குப் போகும்.

அந்தப் பைக்குள் என்ன? காபி வாரியம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது: 6 பங்கு காட்டு மண், 2 பங்கு நன்றாக மக்கிச் சலித்த தொழு உரம், 1 பங்கு நைஸ் மணல். எளிமையான கணக்கு. தாத்தா காலத்திலிருந்து வேலை செய்கிறது. இதில் என்ன குறை?

குறை அந்த "காட்டு மண்" என்ற சொல்லில்தான். மரத்தடியில் இலை விழுந்து, மக்கி, மறுபடி விழுந்து சேர்ந்த கறுப்பு மேல்மண் அது. ஒரு அங்குலம் சேர நூற்றாண்டுகள் பிடிக்கும். வாரி எடுக்க ஒரு மண்வெட்டியும் அரை நாள் கூலியும் போதும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் அகலம், 23 சென்டிமீட்டர் உயரமுள்ள பையை நிரப்பினால் சுமார் 1.4 லிட்டர் பிடிக்கும். அதில் ஒன்பதில் ஆறு பங்கு காட்டு மண் என்றால் பைக்கு 930 மில்லி. லட்சம் நாற்று வளர்க்கும் ஒரு நாற்றங்காலுக்கு 93 கன மீட்டர். நாலு அங்குல ஆழத்துக்கு வாரினால் ஏறக்குறைய 23 சென்ட் நிலத்தின் மேல்மண் மொத்தமும் போய்விடும்.

லட்சம் நாற்றை ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் 80 ஏக்கருக்கு மேல் வரும். 80 ஏக்கருக்கு 23 சென்ட்தானே, இதற்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இது ஒருமுறையோடு முடிகிற வேலை இல்லை. அராபிகா செடிகளை வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டு குடைந்து சாய்த்துக்கொண்டே இருக்கிறது. செத்த இடத்தில் புதுச்செடி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வருடா வருடம் நாற்று, வருடா வருடம் மண். ரிசர்வ் காட்டில் மண் எடுப்பது குற்றம். ஆகவே பலர் சொந்தத் தோட்டத்தின் மர நிழலிலிருந்தே வாருகிறார்கள். அதாவது பெரிய செடியின் சோற்றைப் பிடுங்கிச் சின்னச் செடிக்கு ஊட்டுகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இதற்கு எந்தப் பதிவும் கிடையாது. மண் வாரிய கூலி மட்டும்தான் செலவில் ஏறும். மண் போன நஷ்டம் எங்கேயும் ஏறாது.

முதல் "இலவசம்" இதுதான். பழைய முறையும் இலவசம் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் புதிய முறையைப் பற்றிப் பேச முடியும்.

மலைக்குக் கீழே ஒரு மலை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தேயிலைக்குப் பேர் போன ஊர் என்றாலும் அந்த ஆனைமலைப் பகுதியில் காபித் தோட்டங்களும் உண்டு. மேலே காபி நாற்றுக்கு மண் தேடுகிறார்கள். கீழே பொள்ளாச்சியைச் சுற்றி என்ன இருக்கிறது? தென்னை நார் ஆலைகள். ஆலைகளைச் சுற்றி நார்த்தூள் குவியல்கள்.

மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் சுமார் இரண்டு கிலோ தூள் விழும் என்பது பொதுவான கணக்கு. தயாரிக்கும் பொருளைவிடக் கழிவு இரண்டு மடங்கு! ஒரு காலத்தில் இந்தத் தூளை யாரும் சீந்தவில்லை. சாலையோரம் கொட்டினார்கள், கொளுத்தினார்கள், மழையில் கரைந்து ஓடவிட்டார்கள்.

இந்தத் தூளுக்கு ஒரு அற்புதமான குணம் உண்டு. தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே நேரத்தில் வேருக்குக் காற்றும் விடும். எடையோ மண்ணில் ஒரு பங்குகூட இல்லை. மலைச்சரிவில் நாற்றுப் பைகளைத் தலையில் சுமந்து ஏறும் பெண்களைக் கேட்டால் இந்தக் கடைசி குணத்தின் மதிப்பு தெரியும். மண் நிரப்பிய பை ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோ கனக்கும். இருபது பை சுமந்தால் முப்பது கிலோ.

அப்படியென்றால் லாரியைக் கீழே அனுப்பி நார்த்தூளை ஏற்றி வந்து பையில் போட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பச்சை நார்த்தூள் செடியைப் பட்டினி போடும். அதில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. இதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து பற்றாமல், மண்ணில் இருப்பதையும் அவை எடுத்துக்கொள்ளும். நாற்று மஞ்சள் பூத்து நிற்கும். போதாக்குறைக்கு உப்பும், டானின் போன்ற பொருள்களும் அதில் இருக்கின்றன.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருடங்களுக்கு முன்பே வழி சொல்லிவிட்டது. நார்த்தூளை அடுக்கு அடுக்காகப் பரப்பி, ஒரு அடுக்கில் சிப்பிக் காளான் வித்து, அடுத்த அடுக்கில் யூரியா என்று மாற்றி மாற்றித் தூவி, ஈரம் காயாமல் இரண்டு மாதம் வைத்தால் மக்கிக் கறுத்துவிடும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா. 112-க்கு 1 என்று இருந்த விகிதம் 24-க்கு 1 என்று இறங்குகிறது. எளிதில் மக்காத லிக்னினும் 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது. இப்படி மக்கிய நார்த்தூள் காட்டு மண்ணின் பெரும்பங்கை ஈடுகட்டும். முழுவதையும் அல்ல. அதில் செடிக்கான சத்து குறைவு என்பதால் தொழு உரத்தின் தேவை அப்படியே இருக்கும்.

வித்து, யூரியா, தண்ணீர், இரண்டு மாத இடம், கிளறிவிட ஆள்... கவனித்தீர்களா? "சும்மா கிடைத்த" பொருளுக்கு இப்போது ஒரு அடக்கவிலை வந்துவிட்டது.

வேஸ்ட், ஸ்க்ராப், பை-ப்ராடக்ட்

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இவை மூன்றும் தனித்தனி. விலை போகாதது வேஸ்ட், அற்ப விலைக்குப் போவது ஸ்க்ராப், நல்ல விலைக்குப் போவது பை-ப்ராடக்ட். பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற வித்தியாசம். நார்த்தூள் இந்த மூன்று படியையும் கண்ணெதிரே ஏறிக் காட்டியிருக்கிறது.

குளிர்நாடுகளில் நாற்று வளர்க்கச் சதுப்பு நிலங்களிலிருந்து பீட் என்ற மக்குமண்ணைத் தோண்டி எடுப்பது வழக்கம். அந்தச் சதுப்பு நிலங்கள் அழிகின்றன என்ற எதிர்ப்பு வலுத்ததும் மாற்றுப் பொருள் தேடினார்கள். கிடைத்தது நம்மூர் நார்த்தூள். கழுவி, காயவைத்து, அழுத்தி, 5 கிலோ கட்டியாக்கி, கோகோபீட் என்ற பெயரோடு கப்பல் ஏற்றினார்கள். இன்று இந்தியாவின் தென்னை நார்ப் பொருள்கள் ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்பது கயிறும் இல்லை, மிதியடியும் இல்லை, இந்தத் தூள்தான். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி இதில் காய்க்கிறது.

நல்ல செய்திதான். ஆனால் இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, கழிவு என்பது நிரந்தரமான பெயர் இல்லை. ஏற்றுமதி விலை ஏறும்போது ஆலைக்காரர் மலைமேல் இருக்கும் இரண்டு ஏக்கர் காபி விவசாயியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். சர்க்கரை ஆலைச் சக்கை மண்ணுக்கும் இதே கதைதான். பிரஸ்மட் என்று சொல்வார்களே, அதுதான். ஒரு காலத்தில் "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்றார்கள். இப்போது அதிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்றதும் அதற்கும் போட்டி. கழிவை நம்பி நாற்றங்காலை மாற்றுகிறவர், நாளை அதற்கு விலை வரும் என்பதையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. ஏற்றுமதிக்கு உப்பில்லாத தூள் வேண்டும். உப்பைப் போக்கத் தண்ணீரில் அலச வேண்டும். அலசிய தண்ணீர் எங்கே போகும்? அக்கம்பக்கத்து நிலத்துக்கும் கிணற்றுக்கும்தான். நார் ஆலைகள் மாசு இல்லாத தொழில் என்று வெள்ளைப் பிரிவில் இருந்தவை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் அவற்றை ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள், கிணறு கெட்ட விவசாயிகள் வரவேற்றார்கள். தக்காளிக்குச் சுத்தமான தூள் அங்கே போய்ச் சேர்ந்தது. உப்பு மட்டும் இங்கே தங்கிவிட்டது.

ஆக, கழிவைச் சுத்தம் செய்யும் செலவை யாராவது கொடுத்தே தீர வேண்டும். ஆலை கொடுக்கவில்லை என்றால் பக்கத்துக் கிணறு கொடுக்கும். கிணறும் கொடுக்கவில்லை என்றால் நாற்று கொடுக்கும்.

பிரேசிலில் என்ன செய்கிறார்கள்?

உலகத்திலேயே அதிகக் காபி விளைவிக்கும் நாடு பிரேசில். அங்கேயும் பழைய சமையல் குறிப்பு ஏறக்குறைய நம்முடையது மாதிரிதான்: 700 லிட்டர் மண், 300 லிட்டர் மாட்டுச் சாணம், கூடவே 5 கிலோ சூப்பர் பாஸ்பேட், அரை கிலோ பொட்டாஷ்.

மண்ணிலிருந்து அவர்களை விலகவைத்தது காட்டின் மீதான கரிசனம் மட்டும் இல்லை, நூற்புழு. மண்ணோடு சேர்ந்து வரும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத புழு வேரில் முடிச்சு போட்டுச் செடியை இளைக்கவைக்கும். ஒரு நாற்றங்காலில் இருந்தால் அங்கிருந்து நாற்று போகும் எல்லாத் தோட்டங்களுக்கும் இலவசமாகப் பயணம் செய்யும். முன்பு மெதில் புரோமைடு வாயு விட்டு மண்ணைச் சுத்தம் செய்தார்கள். அது ஓசோன் படலத்தை ஓட்டையாக்கும் என்று மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. வேறு வழி தேட வேண்டி வந்தது.

வந்த வழி, சுமார் 120 மில்லி மட்டுமே பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழல். நம்மூர்ப் பையில் பன்னிரண்டில் ஒரு பங்கு! மண்ணே கிடையாது. பைன் மரப்பட்டை, கரியாக்கிய நெல் உமி, வெர்மிகுலைட் போன்றவற்றின் கலவை. குழலின் அடியில் ஓட்டை இருப்பதால் ஆணிவேர் சுருண்டு பன்றிவால் ஆகாமல் காற்றில் பட்டு நின்றுவிடும். ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் வளரும் நாற்றுக்குத் தினமும் கவனிப்பு வேண்டும், மெதுவாகக் கரையும் விலையுயர்ந்த உரம் வேண்டும். அதனால்தான் கலவையை மலிவாக்க அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அக்கம்பக்கத்து ஆலைகளின் கழிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். சர்க்கரை ஆலைச் சக்கை, நகரத்துக் கழிவுநீர்ச் சேறு... ரொபஸ்டா வகை காபி விளையும் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் தோல் பதனிடும் ஆலைச் சேற்றைக்கூட நாற்றுக் கலவையில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள்.

தோல் ஆலைச் சேறா? வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார்கள்.

எல்லாக் கழிவும் ஒன்று இல்லை

அவர்கள் எழுந்திருப்பதில் நியாயம் இருக்கிறது. பாலாற்றில் தோல் ஆலைகள் கலந்த கழிவைப் பற்றிய வழக்கில்தான் 1996ல் உச்ச நீதிமன்றம் அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும். கெடுதல் நேராது என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவரையே சேரும். இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. அப்போது அதே மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதையும் எல்லோருக்கும் தெரியும்.

தோல் ஆலைச் சேற்றில் தழைச்சத்து நிறைய இருக்கிறது, உண்மை. நாற்று பச்சைப்பசேல் என்று வளரவும் கூடும். ஆனால் அதில் வரும் குரோமியம் மக்காது, ஆவியாகாது, எங்கேயும் போகாது. பிரேசில்காரர்கள் சோதனைச் சாலையில் அளந்து, எழுதி, எச்சரிக்கையோடு செய்யும் வேலையை இங்கே ஒருவர் "அங்கேயே செய்கிறார்கள்" என்று சொல்லி லாரியில் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்?

எனவே கழிவுகளை ஒரே கூடையில் போடக்கூடாது. செடியிலிருந்து வந்து, நச்சு ரசாயனம் படாமல் விழுந்த கழிவு ஒரு ரகம்: நார்த்தூள், நெல் உமி, கரும்புச் சக்கை மண், காபிப் பழத் தோல். இவற்றில் இருக்கும் பிரச்சினைகள் பெரும்பாலும் காலத்தால் தீரும். மக்கவைத்தால், அலசினால், ஆறவிட்டால் சரியாகிவிடும். பச்சைப் பிரஸ்மட் மக்கும்போது சூடேறி வேரை வேகவைத்துவிடும். மக்கிய பிறகு அருமையான உரம். இன்ஸ்டன்ட் காபி ஆலைகளில் சாறு எடுத்த பிறகு மிஞ்சும் காபிச் சக்கையைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். காபிச் செடிக்குக் காபியே உரம் என்றால் பொருத்தமாகத்தானே இருக்கிறது! ஆனால் மக்காத காபிச் சக்கையில் இருக்கும் காஃபீனும் டானினும் இளம்செடியின் வளர்ச்சியைத் தடுக்கும். அதுவும் மக்கித்தான் ஆக வேண்டும்.

ரசாயனத்தில் குளித்து வந்த கழிவு இன்னொரு ரகம்: தோல் சேறு, சாயப்பட்டறைச் சேறு, அனல் மின் நிலையச் சாம்பல், பல ஆலைகளின் கழிவுநீர் கலந்த நகரத்துச் சேறு. இவற்றில் இருக்கும் கன உலோகங்களைக் காலம் தீர்க்காது. இரண்டு மாதம் அல்ல, இருபது வருடம் மக்கவைத்தாலும் குரோமியம் குரோமியம்தான்.

நிரூபிக்க வேண்டியது யார்?

இந்தியாவில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் சிறு விவசாயிகள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கீழ்ப்பழநி மலையிலும் ஒன்றிரண்டு ஏக்கரில் மிளகும் வாழையும் ஆரஞ்சும் காபியுமாகக் கலந்து பிழைப்பவர்கள்.

அப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மலிவான கலவையில் வளர்ந்த நாற்று வாங்குகிறார். பைக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1,210 செடி. 1,210 ரூபாய் லாபம். நட்டு, களையெடுத்து, நிழல் பார்த்து, மூன்று நாலு வருடம் கழித்துத்தான் முதல் காய்ப்பு தெரியும். அப்போது நூறு செடியில் பத்து தேறவில்லை என்றால்? 121 செடியைப் பிடுங்கி, குழி எடுத்து, மறுபடி நட்டு, மறுபடி மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். மிச்சம் பிடித்த 1,210 ரூபாய் எந்த மூலைக்கு? அதைவிடக் கொடுமை, தப்பு விதையிலா, மழையிலா, கலவையிலா என்று அவரால் நிரூபிக்கவே முடியாது. நாலு வருடத்துக்கு முந்தைய லாரி லோடுக்கு யாரிடம் போய் ரசீது கேட்பது?

லாபம் இன்று, ஆலைக்கு. கழிவை அப்புறப்படுத்தும் செலவு அதற்கு மிச்சம். ஆபத்து நாலு வருடம் கழித்து, விவசாயிக்கு. இப்படி லாபம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் என்று பிரிந்து கிடக்கும் எந்த ஏற்பாடும் நியாயமான வியாபாரம் ஆகாது. "கழிவைப் பயன்படுத்து" என்று அறிவுரை சொல்வது சுலபம். "இந்தக் கழிவு கெடுதல் செய்யாது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி. 1996 தீர்ப்பு ஆற்றுக்குச் சொன்ன பதில்தான் நாற்றுப் பைக்கும் பொருந்தும்: கொடுப்பவரே நிரூபிக்கட்டும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இயற்கை உரங்களுக்கு வரம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கிலோ நகரக் கம்போஸ்டில் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100 இவற்றைத் தாண்டக்கூடாது. கரிமம்-தழைச்சத்து விகிதம் 20-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் உரம் என்று பெயர் போட்டு மூட்டையில் விற்பவரைத்தான் இது தொடும். "மண்ணு மாதிரிதான் சார், சும்மா எடுத்துக்குங்க" என்று லாரியில் வருவது இந்த வலையில் எப்படி விழும்?

ஆகவே செய்ய வேண்டியவை இவை:

நாற்றங்காலுக்குப் போகும் ஒவ்வொரு லோடோடும், விலைக்கு விற்றாலும் சும்மா கொடுத்தாலும், ஒரு பரிசோதனைச் சீட்டு போக வேண்டும். உப்பு எவ்வளவு, மக்கிய அளவு என்ன, கன உலோகம் எவ்வளவு. செலவு ஆலையுடையது.

மக்கவைப்பதும் அலசுவதும் ஆலை வளாகத்திலேயே நடக்க வேண்டும். அலசிய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். பக்கத்துக் கிணற்றைக் கெடுத்துவிட்டு மலையில் பசுமை வளர்த்ததாகப் பெருமை பேசக்கூடாது.

ரசாயனம் பட்ட கழிவு, ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் சோதித்து, காய்ப்பு வரை பார்த்து, கொட்டையிலும் அளந்து, சரி என்று சொல்லும்வரை உணவுப் பயிர் நாற்றங்கால் பக்கமே வரக்கூடாது.

காபி வாரியத்துக்குத் திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியிலேயே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 6:2:1 என்று ஒரே வரியில் ஒரு கணக்கைக் கொடுத்து மூன்று தலைமுறைக்கு வழி காட்டியது போல, நார்த்தூள் சேர்ந்த ஒரு புதுக் கணக்கையும் தமிழில், ஒரே வரியில் சிறு விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு லாரி எடுக்க முடியாதவர்கள் கூட்டாக வாங்கவும் வழி செய்ய வேண்டும்.

சில எதிர்க் கேள்விகள்

"இவ்வளவு நிபந்தனை போட்டால் ஆலைக்காரர் கொடுக்கவே மாட்டார், மறுபடி சாலையோரம்தான் கொட்டுவார்" என்று சிலர் சொல்லலாம். நார்த்தூளைப் பொறுத்தவரை அந்தக் காலம் போய்விட்டது. விலை கிடைக்கும் பொருளை யாரும் சாலையில் கொட்ட மாட்டார்கள். ஒரு லோடுக்கு ஒரு பரிசோதனை என்றால், அந்தச் செலவு ஆயிரக்கணக்கான பைகளில் பிரிந்துவிடும். ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகச் சோதிப்பதைவிட அது எத்தனையோ மடங்கு மலிவு.

"தொழு உரத்தை யார் சோதிக்கிறார்கள்? அதில் களைவிதையும் புழுவும் வரவில்லையா?" இதுவும் நல்ல கேள்விதான். வருகிறது. ஆனால் தொழு உரத்தின் குணம் விவசாயிக்குப் பரம்பரையாகத் தெரியும். மக்கியதா இல்லையா என்று கையில் எடுத்து முகர்ந்தே சொல்லிவிடுவார். குரோமியத்துக்கு வாசனை கிடையாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஆபத்துக்குத்தான் சீட்டு வேண்டும்.

"தாத்தா கணக்கே நன்றாக இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?" தாத்தா காலத்தில் காடு அதிகம், நாற்றங்கால் குறைவு. அவர் எடுத்த மண்ணைத் திருப்பிக் கொடுக்கக் காட்டுக்கு நேரம் இருந்தது. இன்று இல்லை.

முடிவாக ஒன்று. ஆலைக் கழிவில் காபி நாற்று வளர்க்கலாம், வளர்க்க வேண்டும். கீழே மலைபோல் குவியும் தூளும் மேலே சுரண்டப்படும் மண்ணும் ஒன்றுக்கொன்று விடையாக இருக்கும்போது அதை விட்டுவிடுவது முட்டாள்தனம். ஆனால் "இலவசம்" என்ற சொல்லை மட்டும் அந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிட வேண்டும். காட்டு மண்ணுக்கும் விலை உண்டு, கழிவுக்கும் விலை உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தால், நன்றாக மக்கவைத்து, அலசி, சோதித்துக் கொடுத்த நார்த்தூளே ஜெயிக்கும். ஒளித்து எழுதினால் மட்டும்தான் விஷச் சேறும் மலிவாகத் தெரியும்.

நாளைக் காலை காபி குடிக்கும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தச் செடியை நட்டவர் அதன் வேரைச் சுற்றி என்ன இருந்தது என்று தெரிந்துதான் நட்டாரா? தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவருக்குப் பிறகு, குடிக்கிற உங்களுக்கும்.